ஸ்டாஃபா ஸ்டாஃப்ஸா? ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவங்களுக்கு

கோலாலம்பூர்ல ஆபீஸ் வேலைக்கு வந்த புதுசுல நான் அனுப்புன முதல் ஈமெயிலே 'ஆல் ஸ்டாஃப்ஸ்'னுதான் ஆரம்பிச்சுச்சு, கம்ப்யூட்டர் ஒரு சிவப்புக் கோடு கூட போடல, ஏன்னா ஸ்டாஃப்ஸ்னு ஒரு சொல் நிஜமாவே இருக்கு, ஆனா அதுக்கு வேலை வேற. அதனால ஸ்பெல் செக்க நம்பாம இத ஒருக்கா படிங்க.

முதல்ல, ஸ்டாஃப்னா ஒரு ஆள் இல்ல, வேலை செய்றவங்க மொத்தக் கூட்டமும். மனசுல இதப் போட்டுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. நமக்கு ஏன் குழம்புதுன்னா மலாய்ல ஒரே ஆளயும் 'செஓராங் காக்கிதாங்கான்'னு சொல்லலாம் (காலையும் கையையும் சேர்த்து வேலையாளுக்குப் பேரு வச்சிருக்காங்க பாருங்க, அழகு!), தமிழ்லயும் 'ஒரு ஸ்டாஃப் இன்னிக்கு வரல'ன்னுதான் பேசுறோம், அத அப்படியே இங்கிலீஷுக்குத் தூக்கிட்டுப் போயிடறோம்.

ரெண்டாவது, ஒரு ஆளச் சொல்லணும்னா 'எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்', இல்லன்னா 'எ ஸ்டாஃப் மெம்பர்'. இன்டர்வியூல 'ஐ ஆம் எ ஸ்டாஃப்'னு சொல்லிடாதீங்க. 'ஐ வொர்க் அட் எ கிளினிக் இன் பிரிக்ஃபீல்ட்ஸ்'னு நேரா சொன்னாலே போதும், ஸ்டாஃப்ங்கற சொல்லே தேவைப்படாது.

பல பேர்னா 'டென் ஸ்டாஃப்', இல்ல 'எ ஸ்டாஃப் ஆஃப் டென்'. எஸ் வேணாம்.

அப்புறம் 'இஸ்'ஸா 'ஆர்'ரா? பிரிட்டிஷ்காரங்க 'தி ஸ்டாஃப் ஆர் ஹெல்ப்ஃபுல்'னு எழுதுவாங்க, அமெரிக்கால 'இஸ்'. நம்ம ஸ்கூல்ல படிச்சது பிரிட்டிஷ் வழி, அதனால 'ஆர்' போடுங்க. ஒரே லெட்டர்ல ரெண்டையும் கலந்தாத்தான் பார்க்கக் கண்றாவி.

சரி, ஸ்டாஃப்ஸ் எப்போ வரும்? தனித்தனிக் கூட்டமா இருக்கணும், 'தி ஸ்டாஃப்ஸ் ஆஃப் போத் ஹாஸ்பிட்டல்ஸ்' மாதிரி. ஆபீஸ்ல இது அபூர்வம்தான். கதவுல ஒட்டற நோட்டீஸ்னா வெறும் 'ஸ்டாஃப் டாய்லெட்', அவ்ளோதான்.

இப்ப நீங்க ஒண்ணு திருத்துங்க: 'டூ ஸ்டாஃப்ஸ் ஆர் ஆன் எம்சி' (எம்சின்னா மெடிக்கல் சர்டிஃபிகேட், உடம்பு சரியில்லன்னு டாக்டர் தர்ற லீவு சீட்டு).

விடை 'டூ ஸ்டாஃப் ஆர் ஆன் எம்சி', இல்ல 'டூ மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப்'. லண்டன் கிளையன்டுக்கு எழுதுறீங்கன்னா அந்த எம்சியயும் மாத்திடுங்க, அது மலேசியா, சிங்கப்பூர் பேச்சு, அங்க 'சிக் லீவ்'னாத்தான் புரியும்.