லைசென்ஸ் வாங்கிய பிள்ளைக்குப் பழைய கார் பார்ப்பது எப்படி?

முதல் கார்தானே, எப்படியும் எங்காவது இடிக்கத்தான் போகிறாள், இருப்பதிலேயே மலிவான ஒன்றைப் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் என் மகளுக்குத் தேட ஆரம்பித்தேன். அப்புறம்தான் உறைத்தது. இடிக்கப் போகிறாள் என்றால், இடிக்கும்போது அவளைக் காப்பாற்றுகிற வண்டியை அல்லவா தேட வேண்டும்?

1. பணத்தைப் பிரியுங்கள்

கையில் இருப்பதை எல்லாம் வண்டிக்கே கொட்டாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள், டயர், பிரேக், பேட்டரி என்று முதல் மாதமே செலவு வரும். இளம் ஓட்டுநருக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு என்பதையும் வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே கேட்டுவிடுங்கள், சில மாடல்களுக்கு அந்தத் தொகையைக் கேட்டாலே ஆசை போய்விடும்.

2. எப்படிப்பட்ட வண்டி?

ரொம்பச் சின்னதும் வேண்டாம், சீறிப் பாய்வதும் வேண்டாம். இரண்டு வண்டிகள் மோதினால் எடை குறைந்த வண்டிக்குள் இருப்பவர்தான் அதிகம் அடிபடுவார், அது சாதாரண இயற்பியல். நடுத்தர அளவு, சுமாரான இன்ஜின், பார்க்கக் கொஞ்சம் சலிப்பூட்டுகிற வண்டி, அதுதான் சரி. ஏழு பேர் உட்காரும் வண்டி எனக்குப் பிடிக்கவில்லை, நண்பர்கள் கூடக் கூட ஓட்டுகிற பிள்ளையின் கவனம் சிதறும்.

3. ஈஎஸ்சி இல்லையென்றால் அடுத்த வண்டி

ஈஎஸ்சி என்றால் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், வண்டி வழுக்காமல் காக்கிற அமைப்பு. இந்த ஒன்றில் மட்டும் நான் பேரமே பேச மாட்டேன். ஈரமான வளைவில் வேகமாகத் திரும்பி வண்டி வழுக்கத் தொடங்கும்போது, எந்தச் சக்கரத்துக்கு பிரேக் போட்டால் வண்டி மறுபடி தடத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டு தானாகவே போடுகிற அமைப்பு இது. புதிதாக ஓட்டுபவர்கள் பதறி ஸ்டீயரிங்கைத் திருகுகிற அந்த நொடியில்தான் இது தேவைப்படும். 1995-இல் விலையுயர்ந்த கார்களில் வந்தது, அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும் ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்தும் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். ஏபிஎஸ் இருக்கிறதே என்று விற்பவர் சொல்வார், அது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது மட்டும்தான், அது வேறு, இது வேறு. ஈஎஸ்சிக்கு ஈஎஸ்பி, விஎஸ்சி என்று கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கும். அதே மாடலின் மலிவு ரகத்தில் இது இல்லாமலும் போகலாம், அதனால் விளம்பரத்தை நம்பாமல் சாவியைத் திருப்பி டாஷ்போர்டைப் பாருங்கள்: கார் படமும் அதன் கீழே வழுக்கிய தடம் போல வளைந்த இரண்டு கோடுகளும் எரிந்து அணைய வேண்டும்.

காரை மோதவிட்டுச் சோதித்துக் கொடுக்கும் பாதுகாப்பு ஸ்டார் மதிப்பெண்ணையும் பாருங்கள், ஆனால் எந்த வருடத்து ஸ்டார் என்று சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பாவில் இந்தச் சோதனையை நடத்தும் யூரோ என்கேப் 1997-இல் தொடங்கியதிலிருந்து சோதனை கடுமையாகிக்கொண்டே வருகிறது, 2005-இன் ஐந்து ஸ்டாரும் இன்றைய ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல. ஒரே பெயருள்ள கார் நாட்டுக்கு நாடு வேறு எண்ணிக்கையில் ஏர்பேக்குகளோடு விற்கப்படுவதும் உண்டு.

4. நேரில் போய்ப் பார்ப்பது

பகலில் போங்கள். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டு, போனதும் முதலில் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் போடும் சத்தத்தை மறைக்கிறாரோ என்று சந்தேகப்படலாம்.

அடுத்து ஏர்பேக் விளக்கு. சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். நான் பார்த்த ஒரு வண்டியில் அது எரியவே இல்லை. எரியவில்லையே, நல்லதுதானே என்று சிரித்தார் விற்பவர். எரியாமலே இருந்தால் விளக்கையே யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட வேண்டும், உள்ளே ஏர்பேக்கே இல்லாமலும் இருக்கலாம். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஆறேழு வயதான டயரை நான் மாற்றிவிடுவேன், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

5. ஓட்டிப் பார்ப்பது

பாட்டை நிறுத்துங்கள். பின்னால் வண்டி இல்லாத நேரான சாலையில் பிரேக்கை அழுத்தினால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

6. மெக்கானிக்கும் சேசிஸ் எண்ணும்

விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவரிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள், துருவும் பழைய வெல்டிங்கும் அங்கேதான் தெரியும். எழுத்தும் எண்ணும் கலந்த 17 இலக்க சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைத்தது, ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகளுக்காகக் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. வெப்பத்திலும் ஈரத்திலும் உள்ளிருக்கும் ரசாயனம் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகள் தெறித்த விவகாரம் அது. மாற்றாமல் ஓடும் வண்டிகள் இன்னும் சந்தைக்கு வருகின்றன.

7. பிள்ளையை உட்கார வையுங்கள்

ஓட்டப் போவது நீங்கள் இல்லையே. எனக்குப் பிடித்துப்போன ஒரு வண்டியில் மகள் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்துவிட்டு, பின்னால் நிற்கிற நீங்களே எனக்குத் தெரியவில்லை அப்பா என்றாள். பின் கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கும் தூண் அவ்வளவு அகலம். விட்டுவிட்டு வந்தோம். மூன்று வாரம் கழித்துக் கிடைத்ததில் எல்லாம் சரியாக இருந்தது, நிறம் மட்டும் அவளுக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.