சோடா வாங்கி வரச் சொன்னது நாம்தான்: போதை விஷயத்தில் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிக்கு அருகே ஓர் அறுபதாம் கல்யாண வீடு. கீழே வளவு என்னும் நடுமுற்றத்தில் பெண்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்க, மேல்மாடி அறையில் ஆண்கள் சிலர் வெளிநாட்டிலிருந்து வந்த பாட்டிலைத் திறந்திருந்தார்கள். ஐஸ் கட்டியும் சோடாவும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் தலையில் விழுந்தது. மூன்றாவது முறை மாடியேறியபோது, எந்த டம்ளரில் எவ்வளவு சோடா ஊற்ற வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. “கெட்டிக்காரன்டா” என்று ஒரு பெரியவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தப் பாராட்டு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நம் பக்கத்துப் பெற்றோர் செய்யும் தவறுகளில் முதலாவதாக நான் சொல்வது இதைத்தான். குடிக்காதே என்று வாயால் சொல்லிவிட்டு, விசேஷம் என்றால் பாட்டில் இல்லாமல் முடியாது என்பதைப் பிள்ளையின் கையாலேயே செய்ய வைக்கிறோம். சோடா வாங்கி வரச் சொல்வதும், காலிப் பாட்டில்களை எடுத்துப் போடச் சொல்வதும் பெரியவர்களுக்குச் சின்ன வேலையாகத் தோன்றலாம். ஆனால் பெரிய மனிதர் ஆவது என்றால் அந்த மாடி அறைக்குள் உட்கார இடம் கிடைப்பதுதான் என்று பையன் படித்துக்கொள்கிறான்.

இதற்கு அடுத்த படி, “ஒரு வாய் ருசி பார்க்கட்டும், வெளியே போய்த் தெரியாமல் குடிப்பதற்கு இது மேல்” என்று வீட்டிலேயே ஊற்றிக் கொடுப்பது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் போதை தருபவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. கொடுத்தவர் சொந்தச் சித்தப்பா என்பதால் அந்தச் சட்டத்தில் விலக்கு எதுவும் இல்லை. சட்டத்தை விட்டாலும் உடம்பு விடாது. நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வதற்கு ஏறக்குறைய 25 வயது ஆகிறது. அதற்கு முன், எவ்வளவு சிறு வயதில் குடி தொடங்குகிறதோ, பின்னாளில் அதற்கு அடிமையாகும் அபாயம் அவ்வளவு கூடுகிறது.

போதை என்றால் சாராயமும் கஞ்சாவும் மட்டும் என்று நினைத்திருப்பது இன்னொரு தவறு. எனக்குத் தெரிந்த ஒரு தாய், பள்ளிக் கால்சட்டையைத் துவைக்கப் போட்டபோது பைக்குள் தேயிலைப் பொட்டலம் போன்ற வெள்ளைச் சிறு பையொன்றைக் கண்டு, பல்வலி மருந்து என்று எண்ணி அலமாரியில் பத்திரமாக எடுத்து வைத்தார். அது பையன்கள் ‘கூல் லிப்’ என்று சொல்லும் புகையிலை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால் புகையும் வராது, புதினா மணத்தில் வாய் நாற்றமும் தெரியாது. உதட்டின் உட்புறம் வெளுத்துச் சுருங்கியிருந்தால் கேட்க வேண்டும். வலி மாத்திரை அட்டைகள், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் டப்பா, நனைந்து காய்ந்த கைக்குட்டை ஆகியவை காரணமில்லாமல் புத்தகப் பையில் கிடந்தாலும் அப்படியே.

நம் ஊர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தந்தை சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். பிள்ளை அப்பத்தாவின் பொறுப்பில் வளர்வான். வீடோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவுக்கு, பின்கட்டு வழியாக இரவு பத்து மணிக்கு வந்தவனைத் தெரியாது. தந்தை செல்போனில் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புவார். உடன் இல்லாத குறையைப் பணத்தால் ஈடுகட்டுவது, கணக்குக் கேட்காத கைச்செலவாகப் பிள்ளையிடம் போய்ச் சேருகிறது. யாரோடு விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று நாள்தோறும் ஐந்து நிமிடம் பேசுகிற தந்தை தூரத்தில் இருந்தாலும் குரல் மாறுவதைக் கண்டுபிடித்துவிடுவார்.

தெரிந்த பிறகு செய்யும் தவறுகளே எல்லாவற்றிலும் கொடியவை. அடித்து நொறுக்குவது, வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போகும் என்று மூடி மறைப்பது, வேறு ஊர் விடுதியில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புவது. மூன்றுமே பிள்ளையின் வாயை அடைத்துவிடுகின்றன. போதையில் இருப்பவனிடம் அப்போதே விசாரணை வைப்பதாலும் பயனில்லை. நினைவு தடுமாறினால் வாந்தி தொண்டையை அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பேச்செல்லாம் தெளிந்த பின்புதான். 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணுக்குப் பெற்றோரே பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் நாடலாம்.

அலமாரியில் எடுத்து வைத்த அந்தத் தாய், விஷயம் இன்னதென்று அறிந்த இரவு மகனை அடிக்கவில்லை. வீட்டின் இரண்டாங்கட்டுப் பகுதியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தை நடுவில் வைத்துவிட்டு, “இது என்னன்னு நீயே சொல்லு தம்பி” என்று மட்டும் கேட்டிருக்கிறார். வெகுநேரம் கழித்துத்தான் அவன் வாய் திறந்தான்: “டியூஷன் போற வழியில ஒரு அண்ணன் சும்மாதான் ஆத்தா கொடுத்துச்சு, இப்ப காசு கேக்குது.”