ஜாக்கெட்டை நின்றுகொண்டு போட்டுப் பார்க்காதீர்கள்

யமஹா ஆர்15 பைக் மாதிரி முன்னால் குனிந்து ஓட்டும் வண்டி வாங்கப் போகிறீர்களா? ஷோரூமிலேயே ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை மூன்றையும் மாட்டிக்கொண்டு டிஸ்ப்ளே வண்டியில் ஏறி உட்காருங்கள். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் எல்லாமே கச்சிதமாகத்தான் தெரியும். ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்ததும் ஜாக்கெட்டின் கை மேலே ஏறி மணிக்கட்டு வெளியே தெரிந்தால், அந்த சைஸ் வேண்டாம். முழங்கை பேட் முழங்கையிலேயே நிற்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

ஹெல்மெட்தான் முக்கியம். குனிந்த நிலையில் அதன் மேல் விளிம்பு சாலையை மறைக்கக் கூடாது. கன்னம் லேசாக அழுந்த வேண்டும்; தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே திரும்ப வேண்டும். பத்து நிமிடம் கழற்றாமல் இருங்கள். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் வலித்தால் அது உங்கள் தலைக்கான வடிவம் இல்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள்.

அப்புறம், ஹெல்மெட்டின் பின்பக்கம் ஐஎஸ்ஐ முத்திரையுடன் ஐஎஸ் 4151 என்ற ஹெல்மெட் தர எண் இருக்கிறதா பாருங்கள். 2021 ஜூன் முதல் அது இல்லாமல் விற்கவே கூடாது.

கையுறையோடு கிளட்சையும் இண்டிகேட்டரையும் இயக்கிப் பார்த்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.