குதிரைக்கு நாளவழி மயக்கமருந்து: நாடியைத் தவறாக வாசிக்கும் இடங்கள்

நுவரெலியாவில் கிரகரி வாவியோரம் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரையின் காயத்துக்குத் தையல் போடவோ, ஆண்குதிரைக்குக் காயடிக்கவோ, பெரும்பாலும் புல்தரையிலேயே மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். முதலில் உறக்கநிலைக்குக் கொண்டுவரும் சைலசீன், பின்பு மயக்கத்தில் ஆழ்த்தும் கெற்றமீன் என்ற வழக்கமான வரிசையில் குறையில்லை. நம் அவசரத்தில்தான் பிழை நேர்கிறது.

சைலசீன் கிலோகிராமுக்கு 1.1 மில்லிகிராம் என்ற அளவில் நாளத்துள் (இதயத்துக்குக் குருதியைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்) சென்றதும் குருதிக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். அதன் எதிர்வினையாக, ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் இதயம் மந்தமாகி, இடையிடையே ஒரு துடிப்பையே விட்டுவிடும். இதைக் கண்டு பதறி, துடிப்பை விரைவாக்கும் அத்திரோப்பீன் ஏற்றினால், சுருங்கிய குழாய்களுக்கு எதிராக இதயம் விரைந்து உழைக்க நேரும். குடல் அசைவிழந்து வயிற்றுவலியும் வரலாம். இதற்கு நேர்மாறான தவறு, அழுத்தமானி காட்டும் உயர்ந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடைவது. அந்த நேரத்தில்தான் இதயம் வெளியேற்றும் குருதி குறைந்திருக்கும். தாடையெலும்பின் கீழ்விளிம்பில் ஓடும் முகநாடியை விரலடியில் உருட்டி, அது எவ்வளவு நிறைந்து துடிக்கிறது என்று பாருங்கள். ஈறை அழுத்தி விட்டால் ஏறக்குறைய 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

குதிரையின் தலை நன்றாகத் தொங்கும்வரை பொறுக்காமல் கெற்றமீனைச் செலுத்துவதும் தவறு. விலங்கு விறைத்து மிரளும். மேலும், கெற்றமீன் இதயத்தைத் தாங்குவது, அதை விரைவாக்கும் பரிவு நரம்புகளைத் தூண்டித்தான். நேரடியாக அது இதயத்தசையைத் தளர்த்தவே செய்யும். வயிற்றுவலியால் நெடுநேரம் துவண்டு நீரிழந்த குதிரையில் அந்த நரம்புகளில் தூண்டுவதற்கு மிச்சமிராது என்பதால், சேலைன் ஏற்றாமல் தொடங்கினால் அழுத்தம் சரியும். அத்தகைய குதிரைக்கு, குருதிக்குழாய்களை மணிக்கணக்கில் தளர்த்தும் அமைதிமருந்தான அசப்புரோமசீனை அறவே தவிர்க்க வேண்டும்.

ஊசியைக் கழுத்தின் மேற்பகுதியில் குத்துங்கள்; அங்கே நாளத்துக்கும் கழுத்து நாடிக்கும் (மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்) இடையே ஒரு தசை கிடக்கிறது. கீழே குத்தி நாடிக்குள் மருந்து போனால், அது நேரே மூளைக்குச் சென்று குதிரை வலிப்புடன் விழும்.

நம் மலையில் இன்னொன்றையும் மறக்கிறோம். 1,868 மீற்றர் உயரத்தில் ஒட்சிசனின் அழுத்தம் கடற்கரையிலிருப்பதைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. படுத்த குதிரையின் நுரையீரலையோ வயிற்றின் பாரம் அழுத்துகிறது. ஒட்சிசன் உருளை இல்லாமல், மருந்தைத் திரும்பத் திரும்பச் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். சராசரிக் குருதி அழுத்தம் 70 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே நின்றால், அடியில் அழுந்திய தசைகளுக்குக் குருதி போதாது. எழும்போது புட்டத் தசை கல்லாய் இறுகி, பின்னங்கால் ஊன்றாமல் குதிரை தடுமாறும்.