காலநிலைத் தகவமைப்பில் பிற நாடுகளுடன் இணைந்து செயல்படுவது எப்படி?

பசுங்குடில் வாயுக்களின் வெளியேற்றத்தைக் குறைப்பதைத் தணிப்பு என்றும், ஏற்கெனவே மாறிவிட்ட காலநிலையின் வெப்பத்தையும் வெள்ளத்தையும் உப்பேறும் நிலத்தையும் எதிர்கொள்ளும் வகையில் வாழ்க்கைமுறையையும் கட்டுமானங்களையும் மாற்றிக்கொள்வதைத் தகவமைப்பு என்றும் சொல்கிறோம். தணிப்பின் பயன் உலகம் முழுவதற்கும் போய்ச் சேரும். சூரிய மின்நிலையம் போன்றவற்றில் போட்ட முதல், வருவாயாகத் திரும்பவும் வரும். ஓர் ஊரைக் காக்கும் வெள்ளத்தடுப்புக் கரையோ அந்த ஊருக்கு மட்டுமே பயன்படுகிறது. அதிலிருந்து வருமானமும் இல்லை. பன்னாட்டுப் பணம் தணிப்பை நோக்கியே அதிகம் பாய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே தகவமைப்புக்காகக் கூட்டாளிகளைத் தேடுபவர் கூடுதல் முன்னேற்பாட்டோடு செல்ல வேண்டியிருக்கிறது. உள்ளாட்சி அமைப்பிலோ அரசுத் துறையிலோ தொண்டு நிறுவனத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ இருந்துகொண்டு அத்தகைய முயற்சியைத் தொடங்க நினைப்பவருக்கான வழிமுறைகள் இவை.

முதலில் சிக்கலை எழுதுங்கள்

எந்த நிதியத்தின் விண்ணப்பப் படிவத்தையும் திறப்பதற்கு முன், உங்கள் பகுதியில் எந்த ஆபத்து, யாரை, எந்தப் பருவத்தில், எவ்வாறு தாக்குகிறது என்பதை இரண்டு பக்கங்களுக்குள் எழுதிக்கொள்ளுங்கள். படிவத்தைப் பார்த்த பின் எழுதப்படும் சிக்கல், பெரும்பாலும் நிதியத்தின் சொற்களுக்குள் அடங்கும்படி நறுக்கப்பட்டதாகவே இருக்கும். எழுதும்போது, காலநிலையால் வந்த சிக்கலையும் வழக்கமான வளர்ச்சிக் குறையையும் பிரித்துக் காட்டுவது அவசியம். குழாய்கள் ஒழுகுவதால் வரும் குடிநீர்த் தட்டுப்பாடு ஒன்று. கடல்மட்டம் உயர்ந்து நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதால் வரும் தட்டுப்பாடு வேறொன்று. இரண்டும் உண்மையான துயரங்களே என்றாலும், காலநிலை நிதியங்கள் இரண்டாவதற்கே பணம் தர அமைக்கப்பட்டவை. பல முன்மொழிவுகள் சறுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இதற்குச் சான்று தேவை. ஓரிடத்தின் இயல்பான காலநிலையைக் கணக்கிட உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுக் காலப் பதிவுகளை அடிப்படையாகக் கொள்கிறது. மழையளவு, வெப்பநிலை, நீர்மட்டம் ஆகியவற்றில் அத்தனை ஆண்டுப் பதிவுகள் எங்கே கிடைக்கும் என்பதை முதலிலேயே தேடி வையுங்கள். பதிவில் இடைவெளிகள் இருந்தால் முதியோரின் நினைவுகளும் உழவர்களின் விதைப்பு நாள்களும் உதவும். ஆனால் அவற்றை அளவீடுகளோடு சேர்த்தே முன்வைக்க வேண்டும். பிறகு, உங்கள் சிக்கல் நாட்டின் தேசியத் தகவமைப்புத் திட்டத்தில் இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். 2010ஆம் ஆண்டு மெக்சிகோவின் கான்கூனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் தொடங்கி வைக்கப்பட்ட அந்த நடைமுறையின்படி தயாரிக்கப்படும் திட்டத்தையே வெளிநாட்டுக் கூட்டாளிகள் முதலில் புரட்டுவார்கள்.

தீர்வை மட்டும் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். ஃபிஜியின் சில கடலோரக் கிராமங்களில் அலையைத் தடுக்கக் கட்டப்பட்ட சுவர்கள், மழைநீர் கடலுக்கு வடிவதையும் தடுத்து ஊருக்குள் நீரைத் தேக்கிவிட்டன.

எந்த வகைக் கூட்டு வேண்டும்?

கூட்டுப்பணி என்றாலே பணம் என்று எண்ணிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சில இடங்களில் ஒரு நீர்மட்டக் கணக்கு பல கோடிப் பணத்தைவிடப் பயன்படும். அத்தகைய தரவுப் பகிர்வு முதல் வகை. மேக்கொங் ஆற்றின் கீழ்ப்படுகையிலுள்ள கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளும் 1995இல் மேக்கொங் ஆற்று ஆணையத்தை அமைத்தன. ஆற்றின் மேற்பகுதியைக் கையில் வைத்திருக்கும் சீனா அதில் உறுப்பினர் இல்லை. ஆயினும் 2002இல் வெள்ளப் பருவத்து நீர்மட்ட விவரங்களைத் தர அது ஒப்புக்கொண்டது. 2020இல் ஆண்டு முழுவதற்குமான விவரங்களைத் தரவும் இசைந்தது. நடுவே 18 ஆண்டுகள் ஓடியதைக் கவனியுங்கள். ஆற்றைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளிடையே எல்லாவற்றையும் அடக்கிய பெரிய ஒப்பந்தத்துக்காகக் காத்திருப்பதைவிட, இரண்டு அளவை நிலையங்களின் தரவைப் பகிர்வதில் தொடங்குவதே நடக்கக்கூடிய காரியம்.

அறிவுப் பகிர்வு இரண்டாவது வகை. வங்கதேசம் நெதர்லாந்தின் துணையோடு உருவாக்கி 2018இல் ஏற்றுக்கொண்ட ‘டெல்டா திட்டம் 2100’ இதற்கு எடுத்துக்காட்டு. கடல்மட்டத்துக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் நாட்டின் அனுபவம் பயன்பட்டது. எனினும் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு வங்கதேசத்தின் திட்ட ஆணையத்திடமே இருந்தது. ஆலோசகர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் அறிக்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

இடரைப் பகிர்ந்துகொள்ளும் காப்பீட்டுக் கூட்டு மூன்றாவது. கரீபிய நாடுகள் 2007இல் இத்தகைய பொது ஏற்பாட்டைத் தொடங்கின. சேதத்தை ஒவ்வொரு வீடாக மதிப்பிடாமல், காற்றின் வேகம், மழையளவு போன்றவை குறித்த அளவைத் தாண்டியதும் பணம் வழங்கப்படுவதால் உதவி விரைவாகக் கிடைக்கிறது. ஆனால் அந்த அளவை யார், எந்த அனுமானத்தில் வரைந்தார் என்பதைத் துருவிக் கேட்க வேண்டும். 2015-16 வறட்சியில் மலாவிக்கு, ஆப்பிரிக்க நாடுகளின் இதே போன்ற காப்பீட்டு ஏற்பாடு முதலில் எதுவும் வழங்கவில்லை. உழவர்கள் குறுகிய கால மக்காச்சோள ரகத்துக்கு மாறியிருக்க, கணினி மாதிரியோ நீண்ட கால ரகத்தையே கணக்கில் கொண்டிருந்தது. பிழை திருத்தப்பட்டு ஏறத்தாழ 80 லட்சம் டாலர் கிடைப்பதற்குள் பசி முற்றிவிட்டது. வயலில் நிற்கும் ஒருவரிடம் முன்பே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் செய்தி அது.

பணத்தின் வாசல்கள்

பணமே வேண்டுமென்றால், யார் வழியாகச் செல்வது என்பது முதல் கேள்வி. தென் கொரியாவின் சோங்டோவில் இயங்கும் பசுமைக் காலநிலை நிதியத்துக்கு எவரும் நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. அந்த நிதியம் அங்கீகரித்த நிறுவனம் ஒன்றே முன்மொழிவை அளிக்க வேண்டும். நாட்டின் சார்பில் நியமிக்கப்பட்ட தேசிய அதிகார அமைப்பு ஆட்சேபணை இல்லை என்று கடிதமும் தர வேண்டும். அந்த அமைப்பு உங்கள் நாட்டில் எந்த அமைச்சகத்தில் இருக்கிறது என்று கண்டறிந்து, முன்மொழிவு முடிந்த பிறகு செல்லாமல், மேலே சொன்ன இரண்டு பக்கக் குறிப்போடு தொடக்கத்திலேயே சந்தியுங்கள். அங்கீகாரம் பெறுவது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலையாதலால், முதல் திட்டத்துக்கு ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தோடு சேர்ந்துகொள்வதே நல்லது.

2001இல் உருவாக்கப்பட்ட தகவமைப்பு நிதியம் அளவில் சிறியது. ஆனால் பன்னாட்டு இடைத்தரகர் இல்லாமல் நாட்டின் சொந்த நிறுவனமே பணத்தைப் பெற்று நிர்வகிக்கும் ‘நேரடி அணுகல்’ முறைக்கு அதுவே முன்னோடி. செனகலின் சூழலியல் கண்காணிப்பு மையம் 2010இல் அவ்வாறு அங்கீகாரம் பெற்ற முதல் தேசிய நிறுவனமாகி, கடலரிப்பைத் தடுக்கும் திட்டத்தைத் தானே நடத்தியது. நிபுணர் உதவி மட்டும் போதுமென்றால், கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட காலநிலைத் தொழில்நுட்ப மையமும் வலையமைப்பும் இருக்கிறது. அங்கே பணம் உங்கள் கைக்கு வராது, வல்லுநர்கள் வருவார்கள்.

கிடைப்பது மானியமா, கடனா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘காலநிலை நிதி’ என்ற ஒரே பெயரில் இரண்டும் வருகின்றன. வருவாய் தராத கரைக்குக் கடன் வாங்கினால், அதை அடைப்பவர்கள் கரைக்குப் பின்னால் வாழும் மக்களே.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை

சேகரிக்கப்படும் தரவு யாருக்குச் சொந்தம், அறிக்கைகள் உள்ளூர் மக்களின் மொழியில் வருமா, மொத்தத் தொகையில் எவ்வளவு இடைநிலை அமைப்புகளின் நிர்வாகச் செலவுக்குப் போகும், நடுவில் திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால் முடிவெடுப்பவர் யார் என்பவற்றைக் கையெழுத்துக்கு முன் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2021இல் வெளியிடப்பட்ட, உள்ளூர் மக்களே முன்னின்று நடத்தும் தகவமைப்புக்கான எட்டுக் கொள்கைகளைப் பல நாடுகளும் நிதி நிறுவனங்களும் ஏற்றுள்ளன. உங்கள் கூட்டாளி அவற்றில் ஒருவர் என்றால், அதை நினைவூட்டுவதில் தயக்கம் வேண்டாம்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது, பராமரிப்பு. நேபாளத்தின் ட்ஷோ ரோல்பா என்ற பனியேரி (பனியாறு உருகிய நீர் தேங்கி உருவான ஏரி) உடையும் அபாயத்தில் இருந்தபோது, வெளிநாட்டு உதவியுடன் 1998இல் கீழ்ப்பள்ளத்தாக்கின் ஊர்களில் எச்சரிக்கைக் கருவிகள் பொருத்தப்பட்டன. 2000இல் நெதர்லாந்தின் நிதியில் ஏரியின் நீர்மட்டம் 3 மீட்டர் குறைக்கப்பட்டது. ஏரி உடையவில்லை. ஆனால் எச்சரிக்கைக் கருவிகள் பராமரிப்பின்றியும் திருட்டாலும் சில ஆண்டுகளிலேயே செயலற்றுப் போயின. திட்டக்காலம் முடிந்த பிறகு உதிரிபாகத்தை யார் வாங்குவார், காவலாளியின் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை முதல் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

தணிப்பில் குறைத்த வாயுவை அளக்க டன் என்ற பொது அளவு இருப்பதுபோல் தகவமைப்பில் எதுவும் இல்லாததால், எதை வெற்றி என்று கொள்வது என்பதிலும் கூட்டாளிகள் முன்கூட்டியே ஒத்துப்போக வேண்டும். எத்தனை பயிற்சி வகுப்புகள் நடந்தன என்று எண்ணுவது எளிது, பயன் குறைவு. வங்கதேசத்தில் 1970ஆம் ஆண்டுப் புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததை அடுத்து, பன்னாட்டுச் செஞ்சிலுவை இயக்கத்தின் ஆதரவோடு 1972இல் தொடங்கப்பட்ட புயல் ஆயத்தத் திட்டத்தின் தன்னார்வலர்கள் ஒலிபெருக்கியோடு ஊர் ஊராகச் செல்கிறார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, எச்சரிக்கை எத்தனை வீடுகளுக்கு, கரையைக் கடப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்பாகச் சென்றது என்பதே. உங்கள் திட்டத்துக்கும் அத்தகைய இரண்டு அல்லது மூன்று கேள்விகளைத் தேர்ந்து, ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் ஒரு மாதத்துக்குள் எல்லாக் கூட்டாளிகளும் சேர்ந்து அவற்றுக்கு விடை காணும் கூட்டத்தை ஒப்பந்தத்திலேயே ஒரு விதியாகச் சேர்த்துவிடுங்கள்.