பசார் மாலாமில் வாங்கிய சங்கு நண்டை நல்லபடியாக வளர்ப்பது எப்படி?

இரவு ஒன்பதரை மணிக்கு என் அண்ணன் மகன் பிளாஸ்டிக் டப்பாவும் கையுமாக வாசலில் வந்து நின்றான். டப்பாவுக்குள் இரண்டு சங்கு நண்டு. ஒன்றின் சங்கில் காற்பந்து வரைந்திருந்தது, மற்றதில் ஏதோ கார்ட்டூன் முகம். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கினானாம், கலர் கல் இனாமாம்.

"பஞ்சுல தண்ணி நனைச்சு வச்சா போதுமாம் அத்தை. விக்கிற அண்ணன் சொன்னாரு."

அப்படியே செய்தோம். மூன்று வாரத்தில் ஒன்று செத்தது. இன்னொன்றைக் கொன்றது நான். அதைக் கீழே சொல்கிறேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் படிக்க ஆரம்பித்தேன். இப்போது மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று நண்டு நான்காவது வருஷமாக இருக்கின்றன. மலாயில் உமாங்-உமாங், புத்தகத் தமிழில் துறவி நண்டு. எங்கள் வீட்டில் சங்கு நண்டுதான்.

முதலில்: இன்னும் வாங்கவில்லை என்றால், வாங்காதீர்கள்

இந்த நண்டு தரையில் வாழ்ந்தாலும் முட்டை பொரிவது கடலில். குஞ்சுகள் பல வாரம் கடலில் மிதந்து, உருமாறி, ஒரு சின்னச் சங்கைத் தேடிப் புகுந்துகொண்டு கரையேறுகின்றன. இதை வீட்டுத் தொட்டியில் நடத்திக் காட்டியவர்கள் மிகச் சிலர். அதனால் சந்தையில் இருக்கும் நண்டு அநேகமாக எல்லாமே ஏதோ ஒரு கடற்கரையில் பொறுக்கியதுதான். நல்ல கவனிப்பில் 30 வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது, டப்பாவில் சில மாதத்தில் போய்விடுகிறது. நீங்கள் ஒன்று வாங்கினால் கடைக்காரர் இன்னொன்று கொண்டுவருவார்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? சரி, மேலே படியுங்கள். கடற்கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது எந்தக் கரையில் பிடித்தது என்று உங்களுக்குத் தெரியாது, டப்பாவில் ஒட்டிய நோயும் கூடவே போகும்.

தொட்டி

இரண்டு மூன்று நண்டுக்கு 40 லிட்டர் கண்ணாடி மீன் தொட்டி ஆரம்பத்துக்குப் போதும். பழையது, தண்ணீர் ஒழுகுவது என்றாலும் பரவாயில்லை. மேலே கண்ணாடி மூடி வேண்டும், வலை மூடி வேண்டாம். காரணம் இருக்கிறது. இந்த நண்டு மூச்சு விடுவது செவுளால். நம்மைப் போல நுரையீரல் கிடையாது. செவுள் ஈரமாக இருந்தால்தான் மூச்சு. காற்று காய்ந்தால் மெல்ல மெல்லத் திணறிச் சாகும், பல நாள் எடுக்கும், சத்தமே வராது. எங்கள் முதல் நண்டு அப்படித்தான் போயிருக்க வேண்டும்: ஏர்கோன் அறையில், காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட டப்பாவில்.

தொட்டிக்குள் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி உள்ளே ஒட்டுங்கள். நம் ஊர் வெப்பம் இதற்குத் தோதானது, தனியாகச் சூடு காட்ட வேண்டியதில்லை. வெயில் விழும் சன்னல் ஓரம் மட்டும் வேண்டாம்.

மணல்

இதில் கை சுருக்காதீர்கள். ஐந்து பங்கு சலித்துக் கழுவிய மணல், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள். பூச்செடிக் கடையில் செங்கல் மாதிரி அழுத்தி விற்பார்கள், உரம் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். வீடு கட்டுகிற இடத்து மணல் வேண்டாம், சிமெண்ட் கலந்திருக்கும். ஆழம் குறைந்தது 15 சென்டிமீட்டர், அல்லது பெரிய நண்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு, எது அதிகமோ அது. ஒரு பிடி எடுத்து அமுக்கினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

தண்ணீர்

இரண்டு கிண்ணம். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். இரண்டையும் குடிக்கும், சங்குக்குள்ளும் நிரப்பிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சில சொட்டு விடுங்கள். உப்புத் தண்ணீருக்குச் சமையல் உப்பு ஆகாது. கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பு, லிட்டருக்குச் சுமார் 35 கிராம். நண்டு முங்கும் ஆழம் வேண்டும், ஏறி வர ஒரு கல்லும் வேண்டும். செம்பு, பித்தளைக் கிண்ணம் வைக்காதீர்கள். செம்பு இந்த இனத்துக்கே விஷம்.

சங்கும் சாப்பாடும்

ஒரு நண்டுக்கு மூன்று நான்கு காலிச் சங்கு போடுங்கள், இப்போது இருப்பதைவிடச் சற்றுப் பெரியதாக, வாய் வட்டமானதாக, சாயம் பூசாததாக. கொதிக்கவைத்து ஆறவிட்டுப் போட வேண்டும். காற்பந்துச் சங்கை நீங்கள் கழற்ற முயலாதீர்கள். பிடித்து இழுத்தால் உடம்பு கிழிந்தாலும் கிழியும், நண்டு பிடியை விடாது. நல்ல சங்கு கிடைத்தால் அதுவே ஓர் இரவில் மாறிக்கொள்ளும்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவில்லை. தேங்காய்த் துண்டு, பப்பாளி, முட்டை ஓட்டுத் தூள், உப்பில்லாத காய்ந்த இறால், காய்ந்த இலை. ஆனால் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இலை பொறுக்காதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள்.

மண்ணுக்குள் போனால்

ஒருநாள் நண்டைக் காணோம் என்று தேடுவீர்கள். அதற்கு முன்னால் சில நாள் மந்தமாக இருக்கும், நிறம் மங்கும், கண் பால் படிந்த மாதிரி தெரியும், தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கும். அப்புறம் மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். பாம்பு சட்டை உரிப்பது போல நண்டும் உரிக்கிறது, ஆனால் இதற்கு உரிவது மேல்தோல் மட்டுமல்ல, கால், கொடுக்கு, மீசை, கண் மேல் மூடி எல்லாம் சேர்ந்த முழு ஓடு. புது உடம்பு வெண்ணெய் மாதிரி மிருதுவாக இருக்கும். கழற்றிய பழைய ஓட்டை அதுவே தின்று, அந்தச் சுண்ணாம்பில் புது ஓட்டை இறுக்கிக்கொள்ளும். சின்ன நண்டுக்கு ஒரு மாதம், பெரியதற்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும்.

இது எனக்குத் தெரியாது. எங்கள் இரண்டாவது நண்டு அரை அங்குல கலர் கல்லில் எங்கே தோண்டும்? மேலேயே கிடந்தது. காலையில் பார்த்தால் சங்கு வாயில் ஓடு ஓடாகக் கால்கள் உதிர்ந்து கிடந்தன. பிள்ளை அழுதான். செத்துவிட்டது என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குப்பையில் எறிந்தேன். பல மாதம் கழித்து ஒரு படம் பார்த்தேன். அதே ஓடு, அதே கிடப்பு. அது உரித்துப்போட்ட சட்டை. நண்டு சங்குக்குள்ளே உயிரோடு இருந்திருக்கிறது.

அதனால் நீங்கள் எறிவதற்கு முன் மோந்து பாருங்கள். செத்த நண்டு கெட்ட மீன் நாற்றம் அடிக்கும், சந்தேகமே வராது. உரித்த ஓட்டைத் தொட்டால் உள்ளே காலி, லேசாக இருக்கும், கெட்ட வாடை இருக்காது. சந்தேகம் என்றால் எறியாதீர்கள், பொறுங்கள்.

மேலேயே உரிக்க ஆரம்பித்துவிட்டால், பெரிய மினரல் வாட்டர் பாட்டிலை நறுக்கி, நண்டைச் சுற்றி மணலில் ஆழமாக அழுத்தி, கறுப்புத் துணியால் மூடுங்கள். மற்ற நண்டுகள் அந்த வாடைக்கு வந்து மெத்தென்ற உடம்பைத் தின்றுவிடும். பழைய ஓட்டை எடுக்காதீர்கள், அதுதான் அதற்குப் பத்தியச் சாப்பாடு.

"நண்டுக்கு வலிக்குமா?"

பக்கத்து வீட்டுப் பெண், இடைநிலைப் பள்ளி இரண்டாம் படிவம், அறிவியல் திட்டப்பணிக்கு என் நண்டைக் கேட்டாள். மணலைச் சூடாக்கினால் எவ்வளவு நேரத்தில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமாம். உட்காரவைத்துப் பேசினேன். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட், மிர்ஜாம் ஆப்பெல் இருவரும் கடலில் வாழும் துறவி நண்டுகளுக்குச் சங்குக்குள் லேசான மின்சாரம் கொடுத்துப் பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பிடிக்காத வகைச் சங்கில் இருந்தவை அதிகமாகச் சங்கை விட்டு வெளியேறின. பிடித்த சங்கில் இருந்தவை தாங்கிக்கொண்டு இருந்தன. வெறும் அனிச்சைத் துடிப்பு என்றால் சங்கு நல்லதா கெட்டதா என்ற கணக்கு அதில் ஏன் வருகிறது? 2010இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு விலங்குச் சட்டம் கணவாயையும் ஆக்டோபஸையும் சேர்த்தது, நண்டை விட்டுவிட்டது. பிரிட்டன் 2022இல் விலங்கு உணர்வுச் சட்டத்தில் நண்டு, இறால் இனத்தையும் சேர்த்துக்கொண்டது.

வலிக்க வாய்ப்பிருக்கிறது என்று தெரிந்த பிறகு சுட வேண்டாம். நாங்கள் திட்டத்தை மாற்றினோம். நான்கு அளவில் சங்கு வைத்து, எந்த நண்டு எதை எடுக்கிறது என்று சிவப்பு விளக்கில் மூன்று வாரம் குறித்தாள். மீசையால் தடவி, கொடுக்கை உள்ளே விட்டு அளந்து, ஒரு நண்டு ஒரே சங்கைப் பல தடவை சுற்றிச் சுற்றி வந்ததை அவளே பார்த்தாள்.

புகை

டெங்கிக்குப் புகை அடிக்க வரும்போது தொட்டியை உள்ளறைக்குக் கொண்டுபோய், ஈரத் துண்டால் மூடி, கதவடியில் துணி செருகுங்கள். கொசு சாகிற மருந்தில் நண்டும் சாகும். கொசுவர்த்தி, கரப்பான் ஸ்பிரே எதுவும் அந்த அறையில் வேண்டாம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும் நான் வாசலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஊருக்குப் போகும்போது

மூன்று நான்கு நாள் என்றால் கிண்ணங்களை நிரப்பி, காய்ந்த சாப்பாடு வைத்துவிட்டுப் போகலாம். அதற்கு மேல் என்றால் அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் தண்ணீர் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஒன்று மண்ணுக்குள் இருக்கும்போது தொட்டியைக் காரில் ஏற்றாதீர்கள், குலுங்கலில் சுரங்கம் சரிந்துவிடும். போன தீபாவளிக்கு ஈப்போ போனபோது பெரியது உள்ளே போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. அண்ணன் மகன் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தான்: "தோண்டாதீங்க. உள்ளே ஆள் இருக்கு."