சென்டர் ஸ்டாண்டைக் கழற்றலாமா? முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

பைக்கின் சென்டர் ஸ்டாண்டைக் கழற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் எடையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். எடைக்காக மட்டும் என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள். சின்ன வண்டியில் அது 2, 3 கிலோ இருக்கும், பெரிய டூரிங் வண்டியில் 4, 5 கிலோ இருக்கலாம், அதுவும் வண்டியின் ஆகத் தாழ்வான இடத்தில் உட்கார்ந்திருக்கிற எடை என்பதால் ஓட்டும்போது கைக்குப் பெரிதாகத் தெரியாது. டேங்கில் 5 லிட்டர் பெட்ரோல் குறைந்தாலே கிட்டத்தட்ட அதே அளவு எடை குறைந்துவிடும். கழற்றுவதற்கு உண்மையான காரணம் ஒன்றுதான்: அது தரையில் தட்டுவது.

தட்டுகிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. டார்ச் அடித்து அடியில் பாருங்கள். காலால் மிதிக்கும் அந்த நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியிலும், ஸ்டாண்டின் இரண்டு பாதங்களிலும் பெயின்ட் போய் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தால் அது தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசினால் மேலே மடங்கிக்கொள்ளும், ஸ்டாண்ட் அப்படி மடங்காது. வளைவில் நன்றாகச் சாய்ந்திருக்கும்போது அது தரையில் ஊன்றினால் பின்சக்கரத்தின் மேல் இருக்கும் பாரம் ஸ்டாண்டுக்கு மாறி, டயர் பிடிமானம் இழந்து வழுக்கிவிடும். கல்லும் பள்ளமுமாக இருக்கும் பாதையில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு தொல்லை, அடியில் தொங்கும் பாதங்கள் பாறையிலோ மரவேரிலோ மாட்டிக்கொள்ளும்.

ஆனால் தேய்மானம் தெரிந்த உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். பின்னால் ஆளும் சுமையும் ஏற்றிவிட்டு ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடை (அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) கூட்டாமலே ஓட்டினால் எந்த வண்டியும் பின்பக்கம் அமுங்கித் தட்ட வாய்ப்புண்டு. அப்புறம் ஸ்டாண்டை மேலே நிறுத்தி வைக்கும் ரப்பர் ஸ்டாப்பரைப் பாருங்கள், அது தேய்ந்தோ கழன்றோ போயிருந்தால் ஸ்டாண்ட் சரியான இடத்தில் நிற்காது. ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டாண்ட் கீழே துள்ளும், கடகடவென்று சத்தமும் வரும். இந்த மூன்றையும் சரிசெய்த பிறகும் தட்டினால் கழற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இப்போது எதை இழக்கப் போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் செயின் இருந்து, அதை நீங்களே துடைத்து எண்ணெய் போடுபவர் என்றால் என் கருத்து தெளிவு: ஸ்டாண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் காற்றில் இருக்கும்போது கையால் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு கண்ணியாகப் பார்க்கலாம், இறுகிப்போன கண்ணி கண்ணில் படும், வீல் பேரிங் ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தைப் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். (எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டு செயினைத் துடைப்பது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது, துணியோடு விரலும் செயின் சுற்றும் பல்சக்கரத்துக்குள் (ஸ்பிராக்கெட்) போய்விடும்.) டியூப் உள்ள டயர் என்றால் பஞ்சர் ஆகும்போது சக்கரத்தையே கழற்ற வேண்டியிருக்கலாம், ஆளில்லாத சாலையில் அந்த வேலைக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. டியூப்லெஸ் டயர் என்றால் சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் போட்டுவிடலாம். செயினுக்குப் பதில் ஷாஃப்டோ (சுழலும் தண்டு) பெல்ட்டோ சக்கரத்தைச் சுற்றும் வண்டி என்றால் செயினுக்கு எண்ணெய் போடும் வேலையே இல்லை. இந்த இரண்டும் சேர்ந்த வண்டிக்காரருக்கு இழப்பு குறைவுதான். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கும் நெருக்கமான இடத்தில் நிறுத்துபவர்களுக்கும் சென்டர் ஸ்டாண்ட் நேராக நிற்க வைப்பதே பெரிய உதவி.

வண்டியை ஏற்ற முடியவில்லை என்பதற்காகவே கழற்றுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு: கையால் தூக்காதீர்கள். நியூட்ரலில் போட்டு, ஹேண்டிலை நேராக வைத்து, இடது கையால் ஹேண்டிலையும் வலது கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, ஸ்டாண்டின் இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகிறதா என்று காலால் உணர்ந்த பிறகு, முழு உடல் எடையையும் மிதிகம்பியின் மேல் இறக்குங்கள். வண்டி தானாகப் பின்னோக்கி ஏறும், வலது கை வழிகாட்டினால் போதும். அப்படியும் கனமாக இருந்தால் பின்சக்கரத்தை ஒரு மெல்லிய பலகையின் மேல் உருட்டிவிட்டு ஏற்றுங்கள்.

சரி, கழற்றத்தான் போகிறீர்கள் என்றால் சைலன்சர் ஆறிய பிறகு தொடங்குங்கள். ஸ்டாண்டைத் தாங்கும் அந்தக் குறுக்குத் தண்டு அல்லது போல்ட் வேறு எதையெல்லாம் பிடித்திருக்கிறது என்று முதலில் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் பின் பிரேக் பெடலோ சைலன்சர் பிடிமானமோ ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டோ அதே போல்ட்டில்தான் இருக்கும். அப்படி இருந்தால் ஸ்டாண்ட் இருந்த இடைவெளிக்குச் சரியான அளவில் ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் வளையம்) போட்டே ஆக வேண்டும், வெறுமனே இறுக்கினால் பிராக்கெட் வளையும், பெடல் இறுகும்.

ஸ்பிரிங்தான் ஆபத்தான பகுதி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். பல வண்டிகளில் ஸ்டாண்ட் போட்டிருக்கும்போது ஸ்பிரிங் நீண்டு, சுருள்களுக்கு இடையில் இடைவெளி தெரியும். அந்த இடைவெளிகளில் நாணயமோ வாஷரோ ஒவ்வொன்றாகச் செருகிவிட்டு வண்டியை முன்னால் தள்ளி சைடு ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள். இப்போது ஸ்பிரிங் சுருங்க முடியாது, கொக்கியிலிருந்து சுலபமாக வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பிறகு தண்டைப் பிடித்திருக்கும் பூட்டு ஊசியை (பின்) எடுத்து, தண்டை உருவி, ஸ்டாண்டை இறக்குங்கள். திரும்ப மாட்டும் போல்ட்டுகளை மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு (எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு) இறுக்கி, பிரேக் பெடல் தடையில்லாமல் அழுந்தித் திரும்புகிறதா, பிரேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள்.

இனி முழு பாரமும் சைடு ஸ்டாண்டின் மேல்தான். அதன் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா, சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் இருந்தால் அது வேலை செய்கிறதா என்று அன்றே சோதியுங்கள். மண்ணிலும் வெயிலில் இளகிய தாரிலும் நிறுத்தும்போது அதன் பாதத்துக்கு அடியில் வைக்க ஒரு தட்டையான தகடு வண்டியிலேயே இருக்கட்டும். வீட்டு வேலைக்கு ஒரு பேடாக் ஸ்டாண்ட் (பின்சக்கரத்தை மேலே தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்ட்) வாங்கிக்கொள்ளுங்கள், ஒற்றைக் கை ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தை ஒரே பக்கத்தில் மட்டும் பிடித்திருக்கும் கை) உள்ள வண்டிக்கு அதற்கென்றே தனி வகை வேண்டும். கழற்றிய ஸ்டாண்டைத் துடைத்து, தண்டிலும் அது சுழலும் புஷ்ஷிலும் (குழல்) கிரீஸ் தடவி, ஸ்பிரிங், பின், போல்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஸ்டாண்டோடு கட்டி வையுங்கள். நீண்ட பயணத்துக்கு முன் திரும்ப மாட்டவும் வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் கொடுக்கவும் அது வேண்டியிருக்கும்.